21 முதலில் முடியட்டும், 472 எங்கும் ஓடிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில் தைப்பிங்கிலிருந்து ஒரு தாயார் எழுதியிருந்தார். ரூபிக் கனசதுரத்தை 30 விநாடியில் சேர்க்கும் தம் மகள் 20 விநாடிக்குள் வர இன்னும் எத்தனை அல்கோரிதம் (ஒரு நிலையைச் சரிசெய்ய வரிசையாகச் செய்யும் திருப்புகள்) மனப்பாடம் செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். யாரோ 472 என்று சொல்லி அவரைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். நான் செம்பனை ஆலை ஒன்றில் ஸ்டோர் கிராணி. சனிக்கிழமை மாலைகளில் எங்கள் தாமான் (குடியிருப்பு) மளிகைக் கடையின் ஐந்தடியில் (கடை முன் நடைபாதையில்) ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த உரிமையில் பதில் எழுதுகிறேன்.

472 என்பது பொய்யில்லை. ஆனால் அது யாருக்கு என்பதைச் சொன்னவர் சொல்லாமல் விட்டுவிட்டார். கீழ் இரண்டு அடுக்குகள் சேர்ந்த பிறகு மேல் அடுக்கில் இரண்டு வேலை மிஞ்சும். மேல்முகத்தை ஒரே நிறமாக்குவது ஒன்று. அதற்கு 57 நிலைகள். துண்டுகளைத் தத்தம் இடத்துக்கு மாற்றுவது அடுத்தது, அதற்கு 21. ஒவ்வொரு நிலைக்கும் ஓர் அல்கோரிதம். ஒவ்வொரு வேலையையும் இரண்டாகப் பிரித்துச் செய்தால் வெறும் 16 அல்கோரிதமே போதும். எங்கள் ஐந்தடியில் எல்லோரும் அங்கேதான் தொடங்கினார்கள். இரண்டு வேலையையும் ஒரே வீச்சில் முடிப்பதற்குத்தான் அந்த 472. மேல்முகத்தில் சிலுவை வடிவம் ஏற்கெனவே வந்திருந்தால் மட்டுமே அது உதவும். தானாக அமைவது எட்டில் ஒரு முறை. கீழ் அடுக்குகளின் கடைசி மூலை-விளிம்பு ஜோடியைச் சொருகும்போதே சிலுவையை வரவழைக்கத் தெரிந்தவர்களுக்கு அது ஆயுதம். மற்றவர்களுக்கு எட்டில் ஏழு முறை அலமாரியில் தூங்கும் பாத்திரம்.

வடிவத்தைக் கண்டுபிடிப்பது வேறு தலைவலி. 472-ம் ஏழு குடும்பங்களாகப் பிரிகின்றன. ஆறு குடும்பங்களில் தலா 72, ஏழாவதில் 40. எந்தக் குடும்பம் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்; அந்த 72-இல் எது என்று பக்கவாட்டு நிறங்களைப் பார்த்துத் தேடுவதற்குள், பழைய இரண்டு படியில் செய்கிற பிள்ளை முடித்துவிட்டுக் கடையில் ஐஸ் கட்டி வாங்கப் போயிருக்கும்.

இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் படிக்கும் ஒரு பெண் என்னிடம் வருகிறாள். அவளும் 472 வேண்டும் என்று நச்சரித்தாள். கைப்பேசியில் படம் பிடித்து மெதுவாக ஓடவிட்டுக் காட்டினேன். மொத்தம் 31 விநாடி. அடிச் சிலுவைக்கு 4, நடு ஜோடிகளுக்கு 18, மேல் அடுக்குக்கு 9. அந்த 18-இல் நான்கு முறை கை நின்றது. ஒவ்வொரு முறையும் கனசதுரத்தை முழுசாகத் திருப்பி, கழுத்தைச் சாய்த்து, பச்சை-சிவப்புத் துண்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினாள். தன் முகத்தைப் பார்த்து அவளே சிரித்துவிட்டாள். அந்த நான்கு நிறுத்தத்தைப் போக்க உலகத்தில் எந்த அல்கோரிதமும் இல்லை. கனசதுரத்தையும் குறை சொல்ல முடியாது. 1982-இல் புடாபெஸ்டில் நடந்த முதல் உலகப் போட்டியில் மின் தாய் (Minh Thai) என்ற இளைஞர் 22.95 விநாடியில் வென்றபோது, கையில் இருந்தது இன்றைய கனசதுரங்களில் வரும் காந்தமும் இல்லாத, இறுகிப்போன அந்தக் காலத்துக் கனசதுரம்தான்.

இதே ஊரில் ஒரு பயிற்சி வகுப்பில் 180 ரிங்கிட் வாங்கிக்கொண்டு ஒரே மாதத்தில் 472-ஐயும் தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். போய் வந்த பையனுக்குத் தெரிந்த 21-ம் குழம்பிவிட்டது. பணம் போனதைவிட எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

அந்த 21-ஐயும் தாளைப் பார்த்து ஒப்பிப்பதில் பயனில்லை. என் அம்மா முப்பது ஆண்டு பால்மரம் (ரப்பர்) சீவியவர். எப்படிச் சீவுவீர்கள் என்று கேட்டால் வாயால் சொல்லத் தெரியாது. கையில் கத்தியே இல்லாமல் மணிக்கட்டு மட்டும் இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும். பட்டைக்கு அடியிலுள்ள மரத்தைத் தொடாமல் எவ்வளவு ஆழம் என்பது அந்த மணிக்கட்டுக்குத்தான் தெரியும். அல்கோரிதமும் அந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும். நடுவில் நிறுத்தினால் மறந்துபோய் முதலிலிருந்து தொடங்குகிற பிள்ளைக்கு அது கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம், பயப்பட வேண்டாம். (நாங்கள் 'சூனே' என்று ஓர் ஏழு திருப்பு அல்கோரிதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, பிள்ளைகளுக்குச் சூனியமா சொல்லிக்கொடுக்கிறாய் என்று அம்மா சண்டைக்கு வந்தார். அது சுவீடன் நாட்டு ஆண்பிள்ளைப் பெயர் என்று சொல்லியும் அவர் நம்பவில்லை.)

தாயாருக்கு ஒரு வழி சொல்கிறேன். அந்த 21-இல் வாரத்துக்கு இரண்டு போதும். இரவு படுக்கும் முன் கொஞ்ச நேரம், காலையில் பள்ளி பஸ் வரும்வரை கொஞ்ச நேரம். அந்த 21-க்கும் ஆங்கில எழுத்துகளால் பெயர் உண்டு; முதலில் 'டி' என்பதைப் பிடிக்கட்டும். அதில் 14 திருப்புகள். பலரும் பழகும் 'எஃப்' அல்கோரிதத்தின் நடுவில் அவற்றில் 13 அப்படியே வரிசை மாறாமல் வந்து உட்காரும். ஆக, ஒன்றைக் கற்றால் இன்னொன்றில் பெரும்பகுதி இலவசம். நான்கு 'ஜி'-களைக் கடைசியில் வைத்துக்கொள்ளட்டும். அவை ஒன்றுபோல் இருந்து ஏமாற்றும். இந்தக் கணக்கில் பதினொரு வாரத்தில் 21-ம் முடிந்துவிடும், பாடமும் கெடாது. 57-ஐ அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அதுவரை மகள் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு முறைக்கு எத்தனை தடவை கை நிற்கிறது என்று மட்டும் தாயார் எண்ணிவரட்டும். அடுத்த கடிதத்தில் அந்த எண்ணை எழுதினால், மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

ஸ்டோர் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்