அந்தப் பேப்பரை நீயே படி

பாப்பா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். இன்றோடு இருபத்துமூன்று நாள். தினமும் காலையில் நான் அனுப்புகிற முருகர் படத்துக்கு இரண்டு நீலக் கோடு விழுகிறது, அதை வைத்துத்தான் நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்துகொள்கிறேன். மாப்பிள்ளைக்கு இன்னும் நைட் ஷிஃப்ட்தானா? இங்கே தடைக்காலம் முடிந்து போட்டெல்லாம் கடலுக்குப் போய்விட்டது, காசிமேட்டில் வஞ்சிரம் விலைதான் இறங்கவே இல்லை. சித்தி வீட்டு விஷயம் அப்படியேதான் இருக்கிறது, அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

விரல் எப்படி இருக்கிறது? காலையில் எழுந்தால் விரிய எவ்வளவு நேரம் ஆகிறது, அரை மணியா, ஒரு மணியா? அதை மட்டுமாவது எழுது.

அன்றைக்கு நான் கத்தியது தப்புதான். நீயும் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். "அம்மா, புது மருந்தைச் சோதிக்கிற ஒரு டிரையலில் என்னைச் சேரச் சொல்கிறார்கள்" என்று கொத்தமல்லி விலை சொல்வது மாதிரி சொன்னால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? எலியாக்கப் பார்க்கிறார்கள், கிட்னியை எடுத்துவிடுவார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். மூட்டுவலிக்கும் கிட்னிக்கும் என்னம்மா சம்பந்தம் என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுனாமிக்கு அப்புறம் எர்ணாவூர் குடியிருப்பில் எத்தனை பெண்கள் கடன் அடைக்கக் கிட்னியை விற்றுவிட்டு இடுப்பில் தழும்போடு உட்கார்ந்திருந்தார்கள் என்று இந்தப் பக்கம் வாழ்ந்தவளுக்குத் தெரியும், அதற்கும் முன்னால் வில்லிவாக்கத்துக்குக் கிட்னிவாக்கம் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள் என்பதும் தெரியும். ஆஸ்பத்திரி பேப்பரில் ஏழை கையெழுத்துப் போட்டால் உடம்பில் ஏதோ ஒன்று போய்விடும் என்ற பயம் எங்களுக்குச் சும்மா வரவில்லை.

ஆனால் அது திருட்டு வியாபாரம், இது வேறு. மாடி வீட்டு நர்ஸம்மா (ரிட்டயர் ஆகி எட்டு வருஷம் ஆகிறது, இன்னும் யாரைப் பார்த்தாலும் நாக்கை நீட்டச் சொல்கிறார்) என் தலையில் குட்டாத குறையாக இதைச் சொன்னார். "நீ பால்வாடியில் வேலை பார்த்தவள்தானே, போலியோ சொட்டு போட வீடு வீடாகப் போனவள்தானே, குடும்பக் கட்டுப்பாட்டுக்குத்தான் இந்தச் சொட்டு என்று கதவைச் சாத்தினவர்களிடம் எத்தனை நாள் மல்லுக்கு நின்றாய், இப்போது நீயே கதவைச் சாத்துகிறாயே" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது.

அவர் சொன்னதை எழுதுகிறேன், உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். மனுஷனுக்குக் கொடுக்கும் முன்னால் மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள், அப்புறம் கொஞ்சம் பேருக்கு, அதில் பெரிய ஆபத்து இல்லை என்றால் இன்னும் கொஞ்சம் பேருக்கு, மூன்றாவது கட்டத்தில்தான் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் சேர்ப்பார்களாம். உன்னுடையது மூன்றாவது என்றுதானே சொன்னாய்? டாக்டர் மட்டும் நினைத்தால் நடத்திவிட முடியாது, சேருகிறவர்களுக்கு அநியாயம் நடக்காமல் பார்க்கிற எதிக்ஸ் கமிட்டி என்று ஒன்று சம்மதிக்க வேண்டும், அதில் டாக்டர் அல்லாத சாதாரண ஆள் ஒருவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர், ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டுமாம். சிடிஆர்ஐ என்ற அரசாங்கப் பதிவேட்டில் 2009-லிருந்து எல்லா டிரையலையும் பதிய வேண்டும், யார் வேண்டுமானாலும் நெட்டில் பார்க்கலாம். உன்னுடைய டிரையல் நம்பரைக் கேட்டு வாங்கு, மாப்பிள்ளையைத் தேடச் சொல். டிரையலால் உடம்புக்கு ஏதாவது வந்தால் வைத்தியம் அவர்கள் செலவு, நஷ்டஈடும் உண்டு, 2019 விதிகளில் இருக்கிறதாம். நடுவில் பிடிக்கவில்லை என்றால் காரணம்கூடச் சொல்லாமல் விலகலாம், அதற்காக உன் வழக்கமான வைத்தியத்தை அவர்கள் நிறுத்தக் கூடாது.

சும்மா சர்க்கரைத் தண்ணீரைக் குத்தி என் பெண்ணை வலியில் விடுவார்கள் என்றுதான் நான் அதிகம் பயந்தேன். அதையும் கேட்டேன். நல்ல மருந்து ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கு அப்படி வெறுமனே விட மாட்டார்கள், பெரும்பாலும் பழைய மருந்தோடு புதியதை ஒப்பிடுவார்கள், இல்லாவிட்டால் பழையதை நிறுத்தாமல் அதற்கு மேல் கொடுத்துப் பார்ப்பார்கள் என்றார். நீ வாரத்துக்கு ஒரு நாள் போடும் மாத்திரை தொடருமா என்று கேள். வாயால் சொன்னால் போதாது, சம்மதக் கையெழுத்து வாங்குகிற ஃபாரத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்.

வேறு வழியே இல்லாதவர்கள்தான் இதிலெல்லாம் சேருவார்கள் என்றும் அன்றைக்குச் சொன்னேன், இல்லையா? உன் தாத்தாவை மறந்துவிட்டுப் பேசியிருக்கிறேன். சேத்துப்பட்டில் ஒரு வருஷம் டிபி மாத்திரை வாங்கிய கதையை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாரே, திடீரென்று வீட்டுக்கு வந்து மாத்திரையை எண்ணுவார்கள் என்று! அது பெரிய டிரையலாம் பாப்பா. 1956-ல் ஆரம்பித்தது. பாதிப் பேரை சானடோரியம் என்கிற டிபி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள், பாதிப் பேரை மெட்ராஸ் குடிசையிலேயே, குடும்பத்தோடு வைத்து, அதே மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானது. 1959-ல் அதை வெளியிட்ட பிறகு உலகம் பூராவும் டிபிக்கு வீட்டிலேயே வைத்தியம் என்று மாறியதாம். "சீட்டுக் குலுக்கி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டான்" என்று தாத்தா சொல்லும்போதெல்லாம் ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

இப்போது உன் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். "புது ஊசிம்மா, வெளியில் லட்ச ரூபாய் ஆகும், எனக்கு இலவசமாகக் கிடைக்கும்" என்றாய். கிடைக்கும் என்று யார் சொன்னது? உனக்கும் சீட்டுதான், கம்ப்யூட்டர் குலுக்கும். பல டிரையலில் எந்த ஊசி யாருக்குப் போகிறது என்று டாக்டருக்கே தெரியாதாம். புதுசு என்றால் நல்லது என்றும் அர்த்தம் கிடையாது, அது தெரியாமல்தானே சோதிக்கிறார்கள்? உன்னைக் குணப்படுத்த மட்டும் நடத்தும் விஷயம் இல்லை அது. படித்த பெண், கம்பெனியில் நாற்பது பேரை மேய்க்கிறாய் என்று தெருவெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருக்கிறேன், இதில் இப்படி ஏமாளியாக இருக்கிறாயே.

ஃபாரத்தை முழுசாகப் படி. மராத்தியில் இருந்தால் தலையாட்டாதே, உனக்குப் புரிகிற பாஷையில் கேள். கேள்வி கேட்க கமிட்டி போன் நம்பரும் அதில் இருக்கும். கையெழுத்துப் போட்ட காப்பியை வாங்கி வை. பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடு, இந்த மாதிரி மருந்துக்கெல்லாம் அது முக்கியம். நான் வேறு எதுவும் கேட்கவில்லை, கேட்டதாக மாப்பிள்ளையிடம் சொல்லாதே. ஃபாரத்தை முழுசாகப் படி.

அப்பா படுத்திருந்த வருஷம் நீ செகண்ட் இயர். பரீட்சை என்று உன்னை ஆஸ்பத்திரிக்கு அதிகம் வர விடவில்லை. ஒரு சின்ன வயசு டாக்டர் வெளியில் என்னைக் கூப்பிட்டு ஒரு கத்தைப் பேப்பர் கொடுத்தார். புது மருந்து ஒன்று சோதனையில் இருக்கிறது, உங்கள் வீட்டுக்காரர் படிக்கட்டும், நாளைக்கு வந்து நான் அவரிடம் பேசுகிறேன் என்றார். நான் அதைப் பையில் சோத்து டப்பாவுக்கு அடியில் வைத்தேன். உள்ளே போனதும் அப்பா, "டாக்டர் ஏதோ பேப்பர் கொடுத்தாரே, என்னது?" என்று கேட்டார். பில் என்றேன். மறுநாள் அந்த டாக்டரை வராந்தாவிலேயே மறித்து, அவருக்கு இஷ்டமில்லையாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்த மருந்து காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. நர்ஸம்மாவும் அப்படிச் சொல்ல முடியாது என்றார். ஆனால் உன் அப்பா டீக்கடையில் தந்தியை முதல் வரியிலிருந்து பிரஸ் பெயர் வரைக்கும் சத்தமாகப் படிக்கிற ஆள். அவருக்குப் படிக்கத் தெரியும் பாப்பா. வேண்டாம் என்றுகூடச் சொல்லியிருப்பார். நான்தான் கேட்கவே இல்லை. இத்தனை வருஷம் சொந்தக்காரர்களிடம் "நாங்கள் வேண்டாம் என்றுவிட்டோம்" என்று சொல்லி வந்தேன், நாங்கள் என்று.

அன்றைக்கு உன்னிடம் கத்தியபோதும் அந்தப் பேப்பர் ரேஷன் கார்டு கவரில்தான் இருந்தது. போன வாரம் எடுத்துப் படித்தேன். தமிழில்தான் இருக்கிறது, எனக்கே முக்கால்வாசி புரிந்தது.

நீ சேர்ந்தாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி. உன் ஃபாரத்தை போட்டோ எடுத்து அனுப்பு, எனக்குப் படித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எதிர்வீட்டுப் பையன் வெள்ளிக்கிழமை பூனா வருகிறான், நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்புகிறேன், மூன்று கவர் போட்டுக் கட்டியிருக்கிறேன், பிரிக்க உன் விரலால் முடியாது, மாப்பிள்ளையைப் பிரிக்கச் சொல்.

அம்மா