சக்ராவின் பயனை எதைக் கொண்டு அளப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

2021 ஜூன் தொடக்கத்தில், ரஷ்யாவிடமிருந்து இந்தியா குத்தகைக்குப் பெற்றிருந்த அணுசக்தி நீர்மூழ்கியான ‘ஐஎன்எஸ் சக்ரா’ சிங்கப்பூர் நீரிணையில் நீர்மட்டத்துக்கு மேல் தெரிய ரஷ்யாவை நோக்கிச் சென்ற படங்கள் இணையத்தில் பரவின. ஒரு போரிலும் ஈடுபடாமல் திருப்பித் தரப்பட்ட குத்தகைக் கப்பலால் இந்தியாவுக்கு என்ன பயன் என்ற கேள்வி நம்மவர்களிடையே இன்றும் எழுகிறது. அந்தப் பெயர் தாங்கிய இரு கப்பல்களின் பணி வரலாற்றை அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

முதல் சக்ரா, 1988 முதல் 1991 வரை சோவியத் யூனியனிடமிருந்து குத்தகைக்குப் பெறப்பட்டது. அணுசக்தியால் இயங்கும் நீர்மூழ்கியை ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது அதுவே முதன்முறை. டீசல் நீர்மூழ்கி மின்கலங்களுக்கு மின்னேற்றம் செய்யத் தேவையான காற்றைத் தேடி அடிக்கடி மேலே வரவேண்டும். அணு உலைக்கு அந்தத் தேவை இல்லை. ஆனால், நிறுத்திய பிறகும் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டிருக்கும் உலையை நடுக்கடலில் பராமரிக்கும் திறன் புத்தகத்தால் மட்டும் வருவதில்லை. அக்கப்பலின் தலைவராக இருந்த ஆர்.என். கணேஷ் பின்னாளில் இந்தியாவின் சொந்த அணு நீர்மூழ்கித் திட்டத்துக்கே தலைமையேற்றார். கல்பாக்கத்தில் மாதிரி உலை அமைத்து உருவாக்கப்பட்ட ‘அரிஹந்த்’ அத்திட்டத்தின் விளைவுதான்.

இரண்டாவது சக்ராவின் கதை துயரம் நிறைந்தது. சோவியத் யூனியன் சிதைந்தபின் பணமின்றிப் பல ஆண்டுகள் கட்டுமானம் முடங்கிக் கிடந்த ‘நெர்பா’ என்ற அக்கப்பல், 2008 நவம்பர் 8ஆம் தேதி ஜப்பான் கடலில் வெள்ளோட்டத்தில் இருந்தபோது, தீயணைப்பு அமைப்பிலிருந்து வெளியேறிய வாயுவால் 20 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் கடற்படையைச் சேராதவர்கள். 2012 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் இந்தியக் கடற்படையில் சேர்ந்த அக்கப்பல், ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றியது. அதில் அணு ஆயுதம் இல்லை என்பதையும் (பலர் இங்குதான் குழம்புகிறார்கள்) சொல்லியாக வேண்டும். 2016இல் அரிஹந்த் பணியில் சேர்ந்த காலத்தில், உலையோடு கடலில் பழகிய மாலுமிகளை உருவாக்கியதே சக்ராவின் முதன்மைப் பணி.

நம் சிங்கப்பூர்க் கடற்படையும் 1990களில் சுவீடனின் பழைய நீர்மூழ்கிகளை வாங்கி, அந்நாட்டிலேயே பயிற்சி பெற்று, அதன் பின்னரே ஜெர்மனியின் கீல் நகரில் கட்டப்பட்ட ‘இன்வின்சிபிள்’ ரகக் கப்பல்களுக்கு வந்தது. அந்தச் சுவீடன் கப்பல்கள் எந்தப் போரில் வென்றன என்று இங்கு யாரும் கேட்டதில்லை.

2024 ஆகஸ்டில் இந்தியக் கடற்படையில் சேர்ந்த, அரிஹந்த் வகை அணு நீர்மூழ்கியான ‘அரிகாட்’ குறித்துத் தங்கள் நாளிதழ் இனி எழுதும்போது, இரு சக்ராக்களையும் 2008இல் உயிரிழந்தவர்களையும் ஒரு பத்தியிலேனும் குறிப்பிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்