கவுன்டர்களைக் கூட்டுவதற்கு முன் பயணிகளின் வருகையைப் பகிர்ந்து வையுங்கள்: கப்பல் சுற்றுலா முனையங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: துறைமுகங்கள், கப்பல் போக்குவரத்து மற்றும் நீர்வழிகள் அமைச்சகத்தின் குரூஸ் பாரத் திட்டப் பொறுப்பாளர்கள்; பயணிகள் முனையங்களை நிர்வகிக்கும் துறைமுக ஆணையங்கள்; இந்தியத் துறைமுகங்களிலிருந்து கப்பல் சுற்றுலா நடத்தும் நிறுவனங்கள்.

மதிப்பிற்குரியீர்,

ஏறத்தாழ 1,800 பேரை ஏற்றிச் செல்லக்கூடிய எம்ப்ரஸ் சொகுசுக் கப்பல் 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை சென்றுவந்தது. 2024 செப்டம்பரில் தொடங்கப்பட்ட குரூஸ் பாரத் திட்டம், 2029ஆம் ஆண்டுக்குள் கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை இரு மடங்காக்க முனைகிறது. மும்பையில் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்ட பன்னாட்டு முனையத்தில் செக்-இன்னுக்கும் குடியேற்றச் சோதனைக்குமாக 72 கவுன்டர்கள் உள்ளன. இவை யாவும் மகிழ்ச்சிக்குரியவை. ஆயினும், கப்பலேறும் நாளில் பயணிகள் படும் பாட்டைக் கவுன்டர்களின் எண்ணிக்கையால் மட்டும் தீர்த்துவிட முடியும் என்ற நம்பிக்கை தவறானது என்று உறுதியாகக் கருதுவதால் இம்மடலை எழுதுகிறேன்.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். 1,800 பயணிகள், 12 கவுன்டர்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 360 பேரை அனுப்பலாம். ஐந்து மணி நேரத்தில் அனைவரும் கப்பலேறிவிடுவார்கள். பயணிகளும் அந்த ஐந்து மணி நேரத்தில் சீராக வந்தால் வரிசை என்று சொல்லும்படி ஒன்று உருவாகவே உருவாகாது. ஆனால் அவர்களில் 1,200 பேர் முதல் இரண்டு மணி நேரத்திலேயே வந்து சேர்ந்தால், அந்த நேரத்தில் 720 பேர்தான் உள்ளே போயிருப்பார்கள். மீதி 480 பேர் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களில் கடைசியாக நிற்பவர் மேலும் ஒரு மணி இருபது நிமிடம் நிற்க வேண்டும். கவுன்டரும் மாறவில்லை, ஊழியரும் மாறவில்லை. வருகை நெருக்கியடித்தது மட்டுமே வேறுபாடு.

பயணிகள் ஏன் முன்கூட்டியே வந்து குவிகிறார்கள் என்பதையும் அவர்கள் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். வெளியூரிலிருந்து வருபவர்கள் காலை ரயிலில் இறங்கி, பெட்டிகளோடு வேறெங்கும் போக வழியின்றி நேரே துறைமுகத்துக்கு வருகிறார்கள். விடுதியில் தங்கியவர்கள் முற்பகலிலேயே அறையைக் காலி செய்தாக வேண்டும். கப்பலில் மதிய உணவு கட்டணத்திலேயே அடங்கியிருப்பதால், அதற்குள் ஏறிவிட வேண்டும் என்று நினைப்பவர்களும் உண்டு. அதில் தவறு ஏதும் இல்லை. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், போர்டிங் பாஸில் அச்சிடப்பட்டிருக்கும் நேரத்தை வாயிலில் யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதுதான். இரண்டு மணி என்று குறிக்கப்பட்டவர் சொன்னபடி இரண்டு மணிக்கு வந்தால், மூன்று மணிக்கு வரவேண்டியவர் அவருக்கு முன்னால் நிற்பதைக் காண்கிறார். ஒருமுறை இதைக் கண்டவர் மறுமுறை குறித்த நேரத்துக்கு வரமாட்டார்.

ஒரு முனையத்தில் நான் கண்டதை இங்கே சொல்ல வேண்டும். எக்ஸ்ரே இயந்திரத்தில் ஒரு குடும்பத்தின் பெட்டி நிறுத்தப்பட்டது. உள்ளே அயர்ன் பாக்ஸும் மின்சாரக் கெட்டிலும் இருந்தன. தீ விபத்தைத் தவிர்க்கக் கப்பல்கள் அவற்றை அனுமதிப்பதில்லை என்பது நியாயமானதே. ஆனால் பெட்டியைத் திறந்து, மேலே அடுக்கியிருந்த புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அடியிலிருந்ததை வெளியே எடுக்கும் வரை, அந்த இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த வரிசை முழுவதும் அசையாமல் நின்றது. வரிசையின் நடுவே ஒரு மூதாட்டி தம் பெட்டியையே இருக்கையாக்கி அமர்ந்திருந்தார்; வரிசை நகரும்போதெல்லாம் எழுந்து, பெட்டியை இரண்டடி தள்ளி, மீண்டும் உட்கார்ந்தார். இயந்திரத்துக்குப் பக்கவாட்டில் ஒரு மேசையைப் போட்டு, சந்தேகத்துக்குரிய பெட்டிகளை அங்கே கொண்டுபோய்த் திறந்திருந்தால், பின்னால் நின்ற அத்தனை பேரும் காத்திருக்க நேர்ந்திராது. இதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை.

கப்பல் திரும்பி வரும் நாளில் சிக்கல் இரட்டிப்பாகிறது. காலையில் பழைய பயணிகள் இறங்க வேண்டும், அறைகளைச் சுத்தம் செய்ய வேண்டும், மாலைக்குள் புதியவர்கள் ஏற வேண்டும். கல்யாண வீட்டில் முதல் பந்தி எழுந்து இலை எடுப்பதற்குள் அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பதுபோல், இறங்குபவர்களும் ஏறுபவர்களும் ஒரே கூடத்தில் பெட்டிகளோடு மோதிக்கொள்கிறார்கள். இரு சாராருக்கும் தனி வழிகள் வேண்டும். கட்டட அமைப்பு இடம்தராத இடங்களில், இறங்குவது முடியும் வரை ஏறுபவர்களை வேறொரு நிழலான, இருக்கைகளுள்ள இடத்தில் அமர்த்த வேண்டும்.

நேரம் பிரித்து அனுமதிப்பது நம் மக்களுக்குப் புதிதல்ல. திருமலையில் நேரம் குறித்த தரிசன டோக்கன் பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. அதே வேளையில், 2025 ஜனவரி 8 அன்று திருப்பதியில் வைகுண்ட வாசல் தரிசன டோக்கன் பெறத் திரண்டவர்களின் நெரிசலில் ஆறு பேர் உயிரிழந்ததையும் மறக்கலாகாது. டோக்கன் கொடுக்கும் இடமே இன்னொரு கூட்டமாகிவிடக் கூடாது. பயணச்சீட்டோடு சேர்த்தே கப்பலேறும் நேரமும் பயணியின் கைபேசிக்கு வந்துவிட வேண்டும். வெளியூர் ரயில் நேரங்களைக் கேட்டறிந்து அதற்கேற்ப நேரத்தைத் தெரிவுசெய்யும் வசதியையும் தர வேண்டும். முன்னதாக வருபவரைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. அவருடைய பெட்டியைப் பெற்றுக்கொண்டு, குடிநீரும் கழிப்பறையும் உள்ள இடத்தில் அமரவைத்து, அவருக்குரிய நேரத்தில் அழையுங்கள் என்கிறேன்.

கூட்டத்தை நேரத்தில் பரப்புவதால் பாதுகாப்பு குறைந்துவிடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. 2012 ஜனவரியில் இத்தாலியக் கடற்கரையில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்த பின்னர், பயணிகளுக்கான அவசரகாலப் பயிற்சியைக் கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்று பன்னாட்டு விதி இறுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோரை ஒரே நேரத்தில் தளத்தில் நிறுத்தி நடத்தப்பட்டுவந்த அந்தப் பயிற்சியைப் பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் பல பெரிய நிறுவனங்கள் மாற்றியமைத்தன: பயணி விளக்கப் படத்தைக் கைபேசியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ பார்த்துவிட்டு, தாம் கூட வேண்டிய இடத்துக்குத் தாமே சென்று பதிவுசெய்கிறார். உயிர்காக்கும் பயிற்சியையே இப்படிப் பிரித்து நடத்த முடிகிறபோது, ஆதார் அட்டையைச் சரிபார்ப்பதை ஏன் பிரித்து நடத்த முடியாது?

லட்சத்தீவுப் பயணங்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பெரிய கப்பல் கரையணைய முடியாமல் நங்கூரமிட, சிறு படகுகளில்தான் தீவுக்குச் செல்ல முடியும். அந்தப் படகுகளுக்கான வரிசையைக் காற்றோட்டமற்ற படிக்கட்டுகளில் நிறுத்தாமல், அரங்கில் அமரவைத்து எண் வாரியாக அழைப்பதே முறை. கடல் நிலையால் படகு தாமதமானால் அதை உடனுக்குடன் ஒலிபெருக்கியில், பயணிகளின் மொழியில் அறிவிக்க வேண்டும்; காரணம் தெரிந்தால் மக்கள் பொறுமையாகவே காத்திருப்பார்கள்.

முதியோருக்கும், சக்கர நாற்காலியில் வருவோருக்கும், கைக்குழந்தையுடன் வருவோருக்கும் தனி வழி இருப்பதாகப் பல இடங்களில் பலகை இருக்கிறது. அதைத் திறந்துவிட ஊழியர் ஒருவரும் அங்கே இருக்க வேண்டும்.

இறுதியாக ஒரு கோரிக்கை. ஒவ்வொரு பயணத்துக்கும், பயணி துறைமுக வாயிலைத் தொட்ட நேரத்திலிருந்து தம் அறைக் கதவைத் திறந்த நேரம் வரை எவ்வளவு ஆயிற்று என்பதைப் பதிவுசெய்து, மாதந்தோறும் முனைய வாரியாகப் பொதுவில் வெளியிடுங்கள். வாயிலிலும் கப்பலிலும் பயணியின் அட்டையை ஏற்கெனவே ஸ்கேன் செய்கிறீர்கள். எனவே இதற்குத் தேவையான தரவு உங்கள் கையிலேயே இருக்கிறது. வரவிருக்கும் பருவத்திலிருந்தே இதைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கப்பல் பயணத்தை விரும்பும் ஒரு பயணி