போலி ஆன்டிவைரஸ்: மீதிப் பாதியையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில், ஆன்டிவைரஸ் இல்லாத கணினி பூட்டில்லாத வீடு என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அதே அறிவுரையை மனத்தில் வைத்திருந்ததால்தான் என் அண்ணன் திருடனைத் தானே கதவு திறந்து வரவேற்றார். பூட்டு விற்பவன் வேடத்திலும் திருடன் வருவான் என்ற மீதிப் பாதியைத் தாங்கள் அச்சிடவில்லை. அதற்காகவே இந்தக் கடிதம்.

அண்ணனுக்கு வயது 71. கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதவர். பேரப்பிள்ளைகளுக்காகக் கணக்குப் புதிர்களைத் தொகுத்துக் கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் ஏதோ ஓர் இணையப் பக்கத்தைத் திறந்ததும் திரை முழுவதும் சிவந்துபோனது. கணினி அலறத் தொடங்கியது. ஒரு பட்டை கிடுகிடுவென நிரம்பி, 37 வைரஸ்கள் பிடிபட்டதாக ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் அறிவித்தது. அனைத்தையும் நீக்கு என்று ஒரு பொத்தான். அழுத்தினார். இறங்கிய கோப்பைத் திறந்தபோது, இந்த நிரல் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் கேட்டது. ஆம் என்றார். ஆன்டிவைரஸ் அவசியம் என்று படித்து வைத்திருந்தவர் வேறு என்ன சொல்வார்?

அன்றிலிருந்து சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையின் மூலையில் எச்சரிக்கை வந்தது. இயங்கும் நிரல்களைக் காட்டி நிறுத்த உதவும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் உடனே மூடிக்கொண்டது. புதிர்கள் இருந்த கோப்பைத் தொட்டால், இதில் வைரஸ் இருக்கிறது, திறக்க முடியாது என்றது. முழுப் பதிப்பு வாங்கினால்தான் சுத்தம் செய்யும் என்றது. பல மாத உழைப்பு போய்விடுமே என்ற பதற்றத்தில் அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டார். மறுநாளே இன்னொரு தொகையும் எடுக்கப்பட்டது. அதன்பின் யாரிடமும் சொல்லவில்லை. 11 நாட்கள். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுத்த நான் இப்படி ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வது என்பது அவர் தவிப்பு. பணம் போனதைவிட அந்த 11 நாட்களை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நான் 26 ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துபவள். இத்தகைய எச்சரிக்கைகளில் எழுத்துப்பிழை இருக்கும், அதைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அண்ணன் தன் கைபேசியில் எடுத்து வைத்திருந்த படங்களைப் பார்த்தேன். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. எனவே பிழை இல்லை என்பதை நற்சான்றாகக் கொள்ள வேண்டாம். அந்தப் படங்களில் வேறொன்று இருந்தது. சிவப்புத் திரை வெவ்வேறு நாட்களில் இரண்டு முறை வந்திருக்கிறது. இரண்டிலும் அதே 37. அதே கோப்புப் பெயர்கள், அதே வரிசை. அதைவிட முக்கியமானது, ‘டி’ டிரைவில், அதாவது வட்டின் ‘டி’ என்ற பகுதியில், 9 வைரஸ்கள் என்று ஒரு வரி. அண்ணன் கணினியில் ‘டி’ டிரைவே கிடையாது, ‘சி’ மட்டும்தான். படத்தை அவரிடமே கொடுத்து டிரைவ்களை எண்ணச் சொன்னேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “இல்லாத அறையைக் கூட்டிப் பெருக்கினதாகக் கணக்கு எழுதியிருக்கிறான்” என்றார்.

அதுதான் உண்மை. நாம் திறக்கும் ஓர் இணையப் பக்கத்தால் நம் கணினியின் வட்டு முழுவதையும் துழாவிப் பார்க்க முடியாது; உலாவி (பிரவுசர்) அதற்கு இடம் கொடுப்பதில்லை. நாம் காண்பது ஸ்கேன் அன்று, ஸ்கேன் போல நகரும் ஓவியம். முழு வட்டையும் மெய்யாகவே சோதிக்கும் நிரலுக்கு மணிக்கணக்கில்கூட ஆகலாம். இவை சில நொடிகளில் முடித்துவிடும். இன்னொரு சோதனையும் உண்டு. அந்த எச்சரிக்கைப் பெட்டியின் தலைப்பைச் சுட்டியால் பிடித்து இழுத்துப் பாருங்கள். மெய்யான சாளரம் திரையில் எங்கும் நகரும். பக்கத்துக்குள் வரையப்பட்ட பெட்டி உலாவியின் விளிம்பைத் தாண்டி வராது. எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருந்தால் சோதனைகூட வேண்டியதில்லை. தன் எச்சரிக்கைகளில் ஒருபோதும் தொலைபேசி எண் இருக்காது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே சொல்லியிருக்கிறது.

சிவப்புத் திரை தோன்றிய அந்த நேரத்தில் வெளியேறத் தெரிந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. அதில் இருக்கும் எதையும், மூடுவதற்கான பெருக்கல் குறியைக்கூட, அழுத்த வேண்டாம். அதுவும் வரைந்த படமாக இருக்கலாம். எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். ஆல்ட் விசையோடு எஃப்4 அழுத்தினால் உலாவி மூடும். அதற்கும் அசையாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் உலாவியை நிறுத்தலாம். மறுபடி திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சில வீடுகளில் மூலையில் வரும் எச்சரிக்கை, எப்போதோ ஒரு தளத்துக்கு அறிவிப்பு அனுப்ப அனுமதித்ததன் விளைவாக மட்டுமே இருக்கும். அதில் சிறிய எழுத்தில் தளத்தின் முகவரி தெரியும். உலாவியின் அமைப்புகளில் அந்த அனுமதியை நீக்கினால் தொல்லை நின்றுவிடும்.

அண்ணன் கணினியில் நிரல் உள்ளேயே குடியேறிவிட்டது. முகப்புத் திரையிலிருந்த அந்த நிரலின் சிறு படத்தை அவர் அழித்துப் பார்த்திருக்கிறார். அது கதவிலிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றியது போலத்தான். ஆள் உள்ளேயே இருந்தான். முதலில் இணைய இணைப்பைத் துண்டித்தேன். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் நீலத் திரையில் பழுதுநீக்கும் பகுதிக்குள் போய், தொடக்க அமைப்புகள் வழியாக சேஃப் மோடில் கணினியைத் திறந்தேன். அங்கே விண்டோஸுக்கு மிகத் தேவையானவை மட்டுமே இயங்கும் என்பதால் அந்தப் போலி எழுந்திருக்கவில்லை. நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். அண்ணன் பொத்தானை அழுத்திய அதே தேதியில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று அந்தப் போலி, மற்றொன்று உலாவிக்கு உதவி செய்வதாகச் சொல்லிக்கொண்ட ஒரு துணை நிரல். இரண்டையும் நீக்கினேன். கணினி தொடங்கும்போதே தொடங்கும் நிரல்களின் பட்டியலிலும், உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் நீட்சிகளிலும் (எக்ஸ்டென்ஷன்) எஞ்சியவற்றை எடுத்தேன்.

வழக்கம்போலக் கணினியைத் திறந்து இணைப்பைக் கொடுத்தால் ஒரு பக்கமும் வரவில்லை. இந்த இடத்தில்தான் பலர் சோர்ந்துபோய், பழையபடி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். போலி நிரல் போகும்போது, இணையத்துக்கு இடையில் வேறொரு கணினி வழியாகப் போகச் சொல்லும் பிராக்ஸி அமைப்பை மாற்றிவிட்டுப் போயிருந்தது. அதை அணைத்ததும் இணையம் வந்தது. அடுத்து, முடங்கிக் கிடந்த விண்டோஸ் செக்யூரிட்டியை உயிர்ப்பித்துப் புதுப்பித்தேன். விண்டோஸ் 8 தொடங்கி ஆன்டிவைரஸ் விண்டோஸுடனேயே வருகிறது, தனியாகப் பணம் கிடையாது என்பதை எத்தனை பேருக்கு நாம் சொல்லியிருக்கிறோம்? அதில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று உண்டு. விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே சோதித்துவிடுவதால் ஒளிந்திருப்பவை தப்புவது கடினம். ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். இன்னும் மூன்று கோப்புகள் அகப்பட்டன. அதன்பின் முழு ஸ்கேன். இரவு முழுக்க ஓட விட்டோம். காலையில் புதிர்க் கோப்பைத் திறந்தார். 412 புதிர்களும் அப்படியே இருந்தன. அதில் வைரஸ் எதுவும் எப்போதும் இருந்ததில்லை.

கணினியைத் தொடும் முன்பே வங்கிக்குச் சொல்லி அட்டையை முடக்கிவிட்டோம். அட்டை எண் அவர்கள் கையில் இருக்கும்வரை நிரலை நீக்கிப் பயனில்லை. கடவுச்சொற்களையும் வேறொரு கருவியிலிருந்து மாற்றினோம். சில வாரங்கள் கழித்து, பணத்தைத் திருப்பித் தருகிறோம், ஒரு நிரலை இறக்கிக்கொள்ளுங்கள் என்று ஓர் அழைப்பு வந்தது. ஏமாந்தவர்களின் எண்களை வைத்துக்கொண்டு மறுபடி வருவார்கள் என்று அண்ணனிடம் முன்பே சொல்லியிருந்தேன். தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஏமாந்தவர்களை அசட்டுத்தனமானவர்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2008 டிசம்பரில், நுகர்வோரைக் காக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், வின்ஃபிக்சர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் போன்ற போலிகளை விற்ற கூட்டத்தின் மீது வழக்குத் தொடுத்தபோது, அவற்றை வாங்கி ஏமாந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல் என்று சொன்னது. 2012-ல் அந்த வழக்கில் 16.3 கோடி டாலருக்கும் மேல் செலுத்தும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. மேக் கணினி வைத்திருப்பவர்களும் தப்பவில்லை. 2011-ல் மேக் டிஃபெண்டர் என்ற போலி அவர்களைத் தேடி வந்தது. தங்களுக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒன்றும் உண்டு. 2009 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதழின் இணையதளத்திலேயே, ஒரு விளம்பரத்தின் வழியாக, இப்படியொரு போலி எச்சரிக்கை அதன் வாசகர்கள் முன் தோன்றியது. செய்தியை நம்பி வந்தவர்கள் எச்சரிக்கையையும் நம்பினால் குற்றம் அவர்களுடையதா?

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். தங்கள் இணையதளத்தில் வரும் விளம்பரங்களில் இத்தகையவை நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாசகர் ஒருவர் புகார் அனுப்பினால் அன்றே கவனியுங்கள். அடுத்து, மெய்யான எச்சரிக்கை எப்படி இருக்கும், போலி எப்படி இருக்கும் என்று இரண்டையும் அருகருகே படமாகப் போட்டுத் தமிழில் விளக்குங்கள். ஆங்கிலத்தில் அலறும் எழுத்துகளைக் கண்டு, படிக்கும் முன்பே கை நடுங்குகிறவர்கள் நம் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள். அண்ணன் கணினியில் விண்டோஸின் மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அது இனி அவரிடம் தமிழில்தான் பேசும். வேறு குரலில் கத்துவது எதுவாக இருந்தாலும் கொஞ்சம் நின்று பார்ப்பார்.

இதைப் பத்திரிகைக்கு எழுதலாமா என்று அண்ணனிடம் அனுமதி கேட்டேன். பெயர் வேண்டாம் என்றார். சற்றுப் பொறுத்து, “வயதைப் போடு. அந்த 11 நாளையும் போடு” என்றார்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்தும் ஒரு வாசகி