மண்சுவரும் கருங்கல் சுவரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான அமெரிக்கப் பயணக் கட்டுரையில், ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த வீட்டின் ‘அச்சு அசலான நகல்’ அட்லாண்டா நகரில் இருப்பதாகக் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அசல் வீடே இன்னும் நிற்கும்போது இப்படியொரு போலி எதற்கு என்றும் கேட்டிருந்தார். பல ஆண்டுகளாக இந்நகரில் வசிப்பவன், அந்த வீட்டுக்குள் விருந்தினனாகப் போய் வந்தவன் என்ற முறையில், முதல் கூற்றைத் திருத்தவும் இரண்டாவதை மறுக்கவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்தில், ஏர் நகரை அடுத்த அலோவே சிற்றூரில் உள்ள மூல வீட்டைக் கட்டியவர் கவிஞரின் தந்தை வில்லியம். தோட்டத் தொழில் செய்தவரான அவர், ஏழரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, 1757-இல் தம் கையாலேயே மண்சுவர் எழுப்பி வைக்கோல் கூரை வேய்ந்தார். அடுக்களை, உள்ளறை, களஞ்சியம், மாட்டுத் தொழுவம் நான்கும் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நீளும் அந்த வீட்டின் அடுக்களையில், சுவரோடு சேர்த்து அமைத்த கட்டிலில், 1759 ஜனவரி 25 அன்று ராபர்ட் பிறந்தார். சில நாள்களிலேயே வீசிய புயலில் வீட்டின் ஒரு பக்கச்சுவர் சரிந்துவிட, பச்சிளங்குழந்தையோடு தாய் அண்டை வீட்டில் தஞ்சம் புக நேர்ந்தது. ஐப்பசி அடைமழையில் ஊறிய மண்சுவர் எப்போது விழுமோ என்று இரவெல்லாம் விழித்திருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அட்லாண்டாவில் இருக்கும் சுவரை எந்தப் புயலும் அப்படிச் சாய்த்துவிடாது. 1896-இல் தொடங்கப்பட்ட இங்குள்ள பர்ன்ஸ் சங்கம், நகரின் தென்கிழக்குப் பகுதியில் நிலம் வாங்கி, தாமஸ் மார்கன் என்ற கட்டடக் கலைஞரின் துணையோடு 1910–11-இல் இந்த வீட்டை எழுப்பியது. புற அளவுகள் அலோவே வீட்டின் அளவுகள்தாம். கட்டிய பொருளோ, நகருக்குக் கிழக்கே உள்ள ஸ்டோன் மவுண்டன் என்ற குன்றின் கருங்கல். குடியானவர் ஒருவர் குழைத்த மண்ணைத் தேர்ந்த கொத்தர்கள் செதுக்கிய கல்லாக மாற்றிய பிறகு, அதை ‘அச்சு அசல்’ என்பது பொருந்தாது. அந்தக் கல்லுக்கும் ஒரு கதை உண்டு. வீடு எழுந்த சில ஆண்டுகளில், 1915-இல், அதே குன்றின் உச்சியில்தான் கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு மறுபிறவி எடுத்தது. மனிதர் யாவரும் உடன்பிறந்தார் ஆகும் நாள் வரும் என்று 1795-இல் பாடியவர் பர்ன்ஸ். ஆனால் அவரே 1786-இல், வறுமை தாளாமல், அடிமைகள் உழைத்த ஜமைக்காத் தோட்டமொன்றில் கணக்குப் பார்க்கும் வேலைக்குக் கப்பலேறத் துணிந்திருந்தார். முதல் கவிதைத் தொகுதிக்குக் கிடைத்த வரவேற்புதான் அவரை ஊரிலேயே நிறுத்தியது. இந்த வீட்டைப் பற்றி எழுதுவோர் இவற்றையும் சேர்த்து எழுதினால் நன்றாயிருக்கும்.

இனி, ‘போலி’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அசல் என்று நாம் இன்று வணங்கும் அலோவே வீடும் 1759-இல் இருந்தபடியே நமக்கு வந்து சேரவில்லை. 1766-இல் குடும்பம் வேறு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. 1781-இல் ஏர் நகரின் செருப்புத் தைப்போர் சங்கத்துக்கு வீடு விற்கப்பட்டது. அதன் பிறகு நெடுங்காலம் அது ஒரு மதுக்கடை. 1818-இல் கவிஞர் கீட்ஸ் மிகுந்த பக்தியோடு அங்கே போய், கடைக்காரக் கிழவரின் ஓயாத பேச்சில் நொந்துபோய்த் திரும்பினார். நினைவிடப் பொறுப்பாளர்கள் 1881-இல் வாங்கிய பின்னரே மதுக்கடையின் அடையாளங்கள் அகன்று, வீடு பழைய தோற்றத்துக்கு மீண்டது. இப்போது ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது.

ஆனால் அந்த மதுக்கடைக் காலத்தை வெறும் இழிவாகக் கருதிவிட முடியாது. கவிஞர் மறைந்த ஐந்தாம் ஆண்டு நினைவாக, 1801 ஜூலை 21 அன்று, நண்பர்களும் அன்பர்களுமாக ஒன்பது பேர் அங்கே கூடி, ஆட்டின் ஈரலையும் இதயத்தையும் ஓட்ஸோடு சேர்த்து இரைப்பையில் வைத்து அவித்த ‘ஹகிஸ்’ என்ற பண்டத்தை உண்டு, அவர் கவிதைகளைச் சொல்லி மகிழ்ந்தார்கள். இன்று உலகெங்கும் ஜனவரி 25-ஐ ஒட்டி நடக்கும் பர்ன்ஸ் விருந்துகளுக்கெல்லாம் மூலம் அந்த இரவுதான். அலோவே வீடு இன்று காட்சியகம். பார்வையாளர் வரிசையாகப் போய்ப் பார்த்துவிட்டு வெளியேற வேண்டும். அட்லாண்டா வீட்டிலோ, நான் சென்ற ஜனவரி இரவில், பைக்குழல் இசை முன்னே வர ஹகிஸ் மேசைக்கு வந்தது. முதியவர் ஒருவர் கவிதையொன்றை ஏட்டைப் பாராமல் முழுதும் சொன்னார். இடையில் தடுமாறியபோது பின்வரிசையில் இருந்த ஒரு பெண் அடியெடுத்துக் கொடுத்தார். 1757-இன் சுவரை இந்த வீடு பெற்றிருக்கவில்லை என்பது உண்மை. 1801-இன் விருந்தை அது பெற்றிருக்கிறது, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காத்தும் வருகிறது. அமெரிக்க அரசு இதை 1983-இல் வரலாற்றுச் சிறப்பிடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது.

கட்டுரையாளரின் பயண அனுபவங்களை விரும்பிப் படிப்பவன் என்பதால்தான் இவ்வளவு எழுதினேன். அக்கட்டுரை நூலாக்கம் பெறும்போதேனும் ‘அச்சு அசலான நகல்’ என்பதை ‘அளவில் ஒத்த கருங்கல் வீடு’ என்று திருத்துமாறும், ‘போலி’ என்ற சொல்லை நீக்குமாறும் தங்கள் வாயிலாக அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அட்லாண்டா