குமாரசுவாமியின் கறுப்புக் கல்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மூட்டுவலி குறைந்து நீ மறுபடி நடக்கத் தொடங்கியதில் சந்தோஷம். வலி இல்லை என்று மருந்தை நிறுத்திவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் நலம். பேத்திதான் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலை வைத்துக்கொண்டு என் உயிரை எடுக்கிறாள்.

அவளுக்காகக் கதிரியக்கத்தின் வரலாற்றைப் புரட்டியபோது எதிர்பாராத ஒரு பெயர் வந்தது: ஆனந்த குமாரசுவாமி. ஆமாம், நடராஜர் நடனத்தைப் பற்றி எழுதினாரே, அவரேதான். அவர் முறையாகப் படித்தது நிலவியலும் தாவரவியலும். 1903 முதல் 1906 வரை இலங்கையில் கனிமவியல் ஆய்வுக்கு இயக்குநராக இருந்தார். லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் தந்தது இலங்கைக் கனிமங்களைப் பற்றிய ஆய்வுக்காக, கலைக்காக அல்ல. சர் முத்து குமாரசுவாமியின் மகன் கையில் சுத்தியலோடு பாறை தட்டிக்கொண்டு திரிந்தார் என்று நம்மிடம் யாராவது சொன்னார்களா?

விஷயம் இதுதான். இலங்கையில் ரத்தினக்கல் எடுக்கும் சரளை மண்ணில் சின்னஞ்சிறு கறுப்புக் கற்கள் கிடைக்கும். தேய்ந்துபோன கனசதுரங்கள். பெரியதே ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும். எடையோ தண்ணீரைப்போல ஒன்பது மடங்குக்கு மேல், அதனால் மண்ணை அலசும்போது ரத்தினங்களோடு அடியில் தங்கிவிடும். 1904இல் குமாரசுவாமி இதை முதலில் யுரேனினைட் என்ற யுரேனியக் கனிமம் என்றே நினைத்தார். லண்டனில் விண்டம் டன்ஸ்டன் என்ற வேதியியலாளர் பகுத்துப் பார்த்தபோது பெரும்பகுதி தோரியம் ஆக்சைடு என்று தெரிந்தது. புதிய கனிமம்! தோரியனைட் என்று டன்ஸ்டன் பெயர் வைத்தார். உள்ளே கொஞ்சம் யுரேனியமும், பல யுகங்களாகச் சேர்ந்த ஹீலியமும் இருந்தன. பின்னால் ஸ்ட்ரட் என்ற இயற்பியலாளர் அந்த ஹீலியத்தை அளந்தே கல்லின் வயதைக் கணக்கிட்டார். குறைந்தது 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் என்று வந்தது. மொத்தப் பூமிக்கே கெல்வின் என்ற இயற்பியலாளர் 1897இல் கொடுத்த வயது 2 கோடியிலிருந்து 4 கோடி ஆண்டுகள்தான்!

ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது ஆட்டோ ஹானின் கதை. ஆங்கிலம் பழக 1904இல் லண்டன் வந்த ஜெர்மன் இளைஞர். படித்தது கரிம வேதியியல், கதிரியக்கத்தில் அனுபவமே கிடையாது. அங்கே ராம்சே என்ற வேதியியலாளர் அவர் கையில் சுமார் 100 கிராம் பேரியம் உப்பைக் கொடுத்து, இதில் ரேடியம் இருக்கிறது, பிரித்தெடு என்றார். அந்த உப்பு தோரியனைட்டிலிருந்து வந்தது. திரும்பத் திரும்பப் படிகமாக்கிப் பிரித்தபோது ரேடியத்தோடு, யாரும் எதிர்பார்க்காத இன்னொன்றும் அகப்பட்டது. அதற்கு ரேடியோதோரியம் என்று பெயரிட்டார். அமெரிக்க வேதியியலாளர் போல்ட்வுட் நம்பவில்லை. "தோரியம் எக்ஸும் (தோரியத்திலிருந்து வருவதாக ஏற்கெனவே தெரிந்திருந்த கதிரியக்கப் பொருள்) முட்டாள்தனமும் சேர்ந்த சேர்மம்" என்று கதிரியக்க ஆய்வில் பெயர்பெற்ற ரூதர்ஃபோர்டுக்கு எழுதினார். ஹான், ரூதர்ஃபோர்டு அப்போது இருந்த கனடாவின் மாண்ட்ரியலுக்கே போய் அவரை நம்ப வைத்தார்.

ரேடியோதோரியம் உண்மையில் தோரியத்தின் ஐசோடோப்புதான், அதாவது அதே தனிமம், அணுவின் எடை மட்டும் வேறு. தோரியத்தோடு கலந்துவிட்டால் எந்த வேதி முறையாலும் பிரிக்க முடியாது. மற்றவர்கள் பின்னால் முயன்று கைவிட்டார்கள். ஹானுக்கு மட்டும் எப்படி முடிந்தது? அதன் தாய்த்தனிமம், அதாவது சிதைந்து அதைத் தருவது, மீசோதோரியம். அது ரேடியத்தின் ஐசோடோப்பு. ரேடியம் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். ரேடியம் வேதியியலில் பேரியத்தைப் போன்றது, அப்படியே பேரியம் உப்புக்குள் மீசோதோரியமும் வந்துவிட்டது, தோரியம் வெளியே நின்றுவிட்டது. உப்புக்குள் மீசோதோரியம் சிதையச் சிதைய ரேடியோதோரியம் புதிதாகப் பிறந்தது. அப்போது ஹானுக்கே இது தெரியாது. 1907இல் மீசோதோரியத்தை அவரேதான் கண்டுபிடித்தார். அதிர்ஷ்டம் என்று நீ சொல்வாய். பாதி அதிர்ஷ்டம்தான். மீதிப் பாதி, விடாமல் படிகமாக்கிக்கொண்டே இருந்த கை.

அந்தக் கைதான் 1938இல் பெர்லினில் மறுபடி வேலை செய்தது. நியூட்ரான் மோதிய யுரேனியத்தில் ரேடியம் உண்டாகிறது என்று எண்ணி, ஹானும் அவரோடு வேலை செய்த ஸ்ட்ராஸ்மனும் அதை, துணைக்குச் சேர்த்த பேரியத்திலிருந்து பிரிக்கப் பார்த்தார்கள். பிரியவே இல்லை. முறையில்தான் கோளாறோ என்று மீசோதோரியத்தையும் பேரியத்தோடு கலந்து அதே முறையில் சோதித்தார்கள். அது ஒழுங்காகப் பிரிந்தது. அப்படியானால் யுரேனியத்திலிருந்து வந்தது ரேடியமே அல்ல, பேரியம். அணுக்கரு பிளந்திருந்தது.

பேத்தியின் பாடப்புத்தகத்தில் அணுக்கருப் பிளவு உண்டு, ஹான் பெயரும் உண்டு. தோரியனைட்டைத்தான் காணோம். குமாரசுவாமி இதைப் பிற்காலத்தில் எப்போதாவது நினைத்துப் பார்த்தாரா? உன் அலமாரியில் அவருடைய நூல்கள் இருக்கிறதே, பார்த்து எழுது. மற்றவை உன் பதில் கண்டு.

அன்புடன்,
கோபால்