தையல் கடை அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

நம்ம ஊர் ஜனங்களுக்கு,

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஒன்றியத்தில் ஒரு கடற்கரை வார்டின் உறுப்பினர் எழுதுகிறேன். வீட்டுக்குள் நின்ற தண்ணீர் வடிந்து இரண்டு நாள்தான் ஆகிறது. கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்த செங்கல்லை இன்னும் உருவவில்லை. 2024 நவம்பர் 20 மழையில் பட்டதை உங்களுக்கே நான் எடுத்துச் சொல்ல வேண்டாம். ராமேஸ்வரத்தில் மட்டும் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது என்றார்கள். நம்ம தெருவில் அளந்து பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?

முதல் நன்றி தையல் கடை அக்காவுக்கு. இதைப் படித்துவிட்டுச் சிலர் சிரிப்பீர்கள் என்று தெரியும். அவருக்கும் எனக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் கடை முன்னால் வாய்க்காலை மூடிப் போட்டிருந்த கல்லை, தண்ணீர் ஓட்டத்துக்கு இடைஞ்சல் என்று நின்று பெயர்த்தெடுக்க வைத்தவள் நான். அன்றிலிருந்து என்னைக் கண்டால் மிஷினில் குனிந்துகொள்வார்.

மழை கொட்டிய அன்று, ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் ஆம்பளைகள் சட்டையைக் கழற்றிப் பிழிந்து மறுபடி மாட்டிக்கொண்டார்கள். பொம்பளைகள் என்ன செய்வது? உடம்போடு ஒட்டிய சீலையோடு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். டீ வேணுமா, பிஸ்கட் வேணுமா என்று கேட்டவர்கள் உண்டு. மாற்றுத் துணி இருக்கா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வார்டு உறுப்பினராகிய எனக்கே, நைட்டி மேல் சுற்றியிருந்த ஈரத் துண்டோடு நடுங்கும் வரை அது தோன்றவில்லை. மூலையில் ஒரு பிள்ளை அம்மா காதில் என்னமோ சொல்லி அழுதது. என்னவென்று கேட்காமலே எங்களுக்குப் புரிந்தது.

அந்த நேரத்தில் அக்கா இடுப்பளவு தண்ணீரில் தலையில் உரச்சாக்கோடு வந்தார். உள்ளே பிளாஸ்டிக் கவர் மேல் கவர். பிரித்தால் நைட்டி, ஜாக்கெட், உள்பாவாடை எல்லாம் காய்ந்த துணி! தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்துவிட்டுக் கூலி கொடுக்க முடியாமல் எடுக்காமலே விட்டவை. லைனிங் துணியில் மிச்சம் விழுந்த துண்டுகளையும் மடித்து ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அந்தப் பிள்ளையிடம் முதலில் அதைத்தான் கொடுத்தார். இரண்டு பெஞ்சைத் தள்ளிப் போட்டு, சீலையைக் கட்டி மறைப்பு வைத்து, கழுத்தில் இஞ்ச் டேப்போடு வாசலில் நின்றுகொண்டார். யார் நைட்டி யாருக்குப் போகிறது என்று அளவு நோட்டில் வரிசையாக எழுதினார். அவ்வளவு மழையிலும் காதில் பென்சில்!

என் முறை வந்தது. நிமிர்ந்து பார்க்காமலே ஒரு நைட்டியை நீட்டினார். "தோள் பதினாலு. கொஞ்சம் பெருத்திருக்க, பரவாயில்ல, புடிச்சாத் தையலப் பிரிச்சுக்க." இரண்டு வருஷம் பேசாமல் இருந்தும் என் அளவை மறக்கவில்லை.

அதிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பேரிடருக்கான நம் ஊராட்சிப் பட்டியலில் மணல் மூட்டை இருந்தது, மர அறுப்பான் இருந்தது, ஜேசிபி ஓட்டுநர் நம்பரும் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ம் இருந்தன. உட்கார்ந்து எழுதியவர்களில் நானும் ஒருத்தி. மாற்றுத் துணி என்ற ஒரு வரி இல்லை. பொம்பளைகளுக்கான கழிப்பறைச் சாவி யாரிடம் என்ற வரியும் இல்லை. அதைத் தேடியே அன்று ஒரு மணி நேரம் போனது. இன்னொன்று, 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. பயிற்சி, ஒத்திகை எல்லாமே காற்றையும் கடலையும் நினைத்துத்தான். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்களா என்று பார்த்தே பழகிவிட்டோம். இந்தத் தடவை பேருக்குக்கூடப் புயல் இல்லை. வானம் கொட்டியது, தண்ணீர் கடலுக்குப் போக வழி தெரியாமல் நம் வீட்டுக்குள் வந்தது. கடலை ஒட்டிக் குடியிருந்துகொண்டு மழைத்தண்ணீரில் முங்கினோம் என்றால் வெளியூர்க்காரன் நம்புவானா?

மற்றவர்களுக்கு எல்லாம் சேர்த்துச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கயிறு கட்டிப் பெரியவர்களைத் தூக்கிவந்த நாட்டுப்படகுத் தம்பிகள், விடிய விடிய மோட்டார் ஓட்டியவர்கள், அரிசி பருப்பு என்று கணக்குப் பார்க்காமல் கொடுத்த பள்ளிவாசல் ஜமாத்தும் மாதா கோயிலும் அம்மன் கோயில் கமிட்டியும், கழுத்தளவு சேற்றில் இறங்கிக் குழாயை அடைத்த சாக்கை எடுத்த தூய்மைக் காவலர்கள், ஊர் முழுக்க நனைந்த கம்பத்துக்குக் கீழே நின்ற மின்வாரிய ஆட்கள். உங்கள் யார் பேரையும் நான் மறக்கவில்லை.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு என் பதவி முடிகிறது. ஜனவரி 26 கிராம சபைக்கு நாற்காலி இல்லாமல், பாயில் உட்காரும் பொம்பளைகளோடு வந்து உட்காருவேன். பள்ளிக்கூடத்தில் ஒரு தகரப் பெட்டி, அதில் நைட்டியும் உள்பாவாடையும் நாப்கினும், வருஷத்துக்கு ஒருதரம் வெயிலில் உலர்த்த ஒரு ஆள், கழிப்பறைக்கு இரண்டு சாவி. தீர்மானத்தில் ஏறும் வரை எழுந்து போகமாட்டேன். பெட்டியில் எந்த அளவில் எத்தனை என்று அக்காவிடம் கேட்டுத்தான் எழுதவேண்டும்.

நைட்டியைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன் அக்கா. வாடைக் காற்று, காயவே மாட்டேன் என்கிறது. காய்ந்ததும் நானே கொண்டுவருகிறேன், நோட்டில் என் பேரை அடித்துவிடுங்கள்.